ஓடாத சவாரிக்கும் நோட்டில் ஒரு வரி

வாசகர் கேள்வி – பதில்

டாக்ஸிக்காரர்கள் சவாரிக் கணக்கை வசூல் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளாமல், சேவையைத் திருத்திக்கொள்ளவும் பார்க்கலாம் என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நாலு மாவட்டத்திலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, கும்பகோணம் பக்கத்து ஸ்டாண்டுகளின் பதிவேடுகளோடுதான் என் பொழுது போகிறது. அதனால் இந்தக் கடிதங்களை ஆசையோடு படித்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: அம்மா, சொந்தமாகவும் அட்டாச்சாகவும் பதினைந்து வண்டிகள் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறேன். மூன்று வருட ட்ரிப் ஷீட் கட்டுக்கட்டாக இருக்கிறது. ஒரு கம்பெனிக்காரர் சாஃப்ட்வேர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? பழைய ஷீட்டுகளால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?
– டிராவல்ஸ் உரிமையாளர், கும்பகோணம்

சாஃப்ட்வேர் பிறகு வாங்கலாம். முதலில் அந்த ட்ரிப் ஷீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வண்டி நம்பர், டிரைவர் பெயர், புறப்பட்ட கிலோமீட்டர், முடிந்த கிலோமீட்டர், வெயிட்டிங், டோல், பேட்டா, வாடகை. எல்லாம் பில் போடுவதற்கானவை. வாடிக்கையாளர் எத்தனை மணிக்குப் போன் செய்தார், எத்தனை மணிக்கு வண்டி கேட்டார், வாசலில் வண்டி போய் நின்றது எத்தனை மணிக்கு? இந்த மூன்றும் ஷீட்டில் இருக்காது. சேவை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது இந்த மூன்றுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் அதில் இல்லை. அதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். நீங்கள் "வண்டி இல்லைங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்ட அழைப்புகள். ட்ரிப் ஷீட் என்பது ஓடிய வண்டியின் கணக்கு. கூப்பிட்டும் ஓடாத சவாரி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மூன்று வருட ஷீட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அலசினால், உங்களால் எதைச் செய்ய முடிந்தது என்பது மட்டும்தான் தெரியும். ஊருக்கு என்ன தேவைப்பட்டது என்பது தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டாண்டில் போன் எடுக்கிற பெண், நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு ஒன்றை மேஜையிலேயே வைத்திருக்கிறார். அதில் வருவது இப்படி இருக்கும்:

"விடியகாலம் 4.10 – நாச்சியார்கோவில் – பிரசவம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரி – வண்டி இல்லை."
"5.30 – ரயிலடி – சுவாமிமலை, 3 பேர் – வண்டி அனுப்பியாச்சு."
"6.45 – திருபுவனம் – திருநள்ளாறு – பர்மிட் உள்ள வண்டி இல்லை."
"7.05 – தாராசுரம் – திருச்சி ஏர்போர்ட் – வாடகை ஒத்துவரலை."

முதல், மூன்றாம், நான்காம் வரிகள் ஒரு பைசா வருமானம் தராதவை. ஆனால் அவர்களுடைய முதலாளி அந்த வரிகளைப் பார்த்துத்தான், ராத்திரி எல்லா வண்டியும் கும்பகோணத்திலேயே நிற்பதை மாற்றி, ஒன்றை நாச்சியார்கோவிலில் டிரைவர் வீட்டு வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். அந்த டிரைவரின் ஊரே அதுதான். ராத்திரி காலியாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் வருவதும் மிச்சம்.

ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். காரணத்தை நான்கைந்து சொல்லுக்குள் அடக்குங்கள்: வண்டி இல்லை, டிரைவர் இல்லை, வாடகை ஒத்துவரவில்லை, தூரம் என்று மறுத்தோம், காத்திருந்து அவரே வேண்டாம் என்றார். கடைசிக் காரணத்தைத் தனியாகவே எழுத வேண்டும். வண்டி இல்லாமல் போவதும், வண்டி தாமதமாகிப் போவதும் வேறு வேறு நோய்.

போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரத்தில் 442 டாக்ஸிகளின் ஒரு வருடச் சவாரிகளை, 2013 ஜூலை முதல் 2014 ஜூன் வரை, ஆய்வுக்காகப் பொதுவில் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு சவாரிக்கும் ஓர் எழுத்து போட்டிருக்கும். போன் மூலம் வந்ததா, ஸ்டாண்டில் ஏறினாரா, தெருவில் கை காட்டி ஏறினாரா என்று. இந்த ஒரு எழுத்தை நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் வருகிறவருக்கு நேரம் முக்கியம். ரயிலடி ஸ்டாண்டில் ஏறுகிறவருக்கு வண்டி கண்ணில் படுவது முக்கியம். இரண்டையும் ஒரே கணக்கில் கொட்டினால் ஒன்றும் புரியாது.

பழைய ஷீட்டுகள் வீண் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்றுமுன் ஊர்ப் பெயரைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் ஆட்களே 'கும்பகோணம்', 'குடந்தை', 'கும்மோணம்' என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று ஊர். 'திரு.' என்று சுருக்கி எழுதியது திருவாரூரா, திருவையாறா, திருவிடைமருதூரா? 'ஆலங்குடி' என்றால் குரு ஸ்தலமான ஆலங்குடியா, புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியா? கிலோமீட்டரைப் பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஒருவர் உட்கார்ந்து, ஊருக்கு ஒரு பெயர் என்று பட்டியல் போட்டு, அதையே எல்லாரும் எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் போடும் எந்த வரைபடத்தையும் நான் நம்பமாட்டேன்.

*

கேள்வி: எக்செல் போதுமா, புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டுமா?
– கணக்காளர், பாபநாசம்

பதினைந்து இருபது வண்டிக்கு எக்செல் தாராளமாகப் போதும். பிவட் டேபிள் என்ற, வரிகளைத் தொகுத்து எண்ணிக் காட்டும் வசதியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மணியை நெடுக்கிலும் ஊரைக் குறுக்கிலும் போட்டு, மறுத்த அழைப்புகளின் எண்ணிக்கையைக் கட்டத்தில் வையுங்கள்.

*

கேள்வி: எங்கள் சராசரிக் காத்திருப்பு நேரம் 15 நிமிடம்தான். போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம். அப்படியும் புகார் குறையவில்லை. ஜனங்களுக்குப் பொறுமை இல்லையா?
– கால் டாக்ஸி மேலாளர், தஞ்சாவூர்

ஜனங்களுக்குப் பொறுமை இருக்கிறது. சராசரிதான் உங்களிடம் பாதிக் கதையைச் சொல்கிறது. பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். ஒன்பது பேருக்குப் பத்து நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. ஒருவர் ஒரு மணி நேரம் நின்றார். சராசரி போட்டுப் பாருங்கள், 15 நிமிடம். ஆனால் பதினைந்து நிமிடம் காத்திருந்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. உங்களுக்குப் போன் போட்டுத் திட்டுகிறவர் அந்தப் பத்தாவது ஆள்.

காத்திருப்பு நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். நடுவில் இருப்பது எவ்வளவு, நூற்றில் தொண்ணூறாவது இடத்தில் இருப்பது எவ்வளவு என்று இரண்டு எண்ணை எடுங்கள். நடு எண் 10, தொண்ணூறாவது எண் 50 என்றால், பெரும்பாலானவர்களுக்கு நல்ல சேவை தருகிறீர்கள், சிலரைக் கைவிடுகிறீர்கள். அந்தச் சிலர் யார் என்று ஊர் வாரியாகப் பாருங்கள். அநேகமாக ஒரே பக்கத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள். பூதலூர்ப் பக்கமோ, வல்லம் தாண்டியோ, உங்கள் ஸ்டாண்டிலிருந்து எட்டாத ஒரு மூலை. போர்டில் எழுதுவதானால் அந்தத் தொண்ணூறாவது எண்ணை எழுதுங்கள். அதைக் குறைப்பதுதான் உங்கள் வேலை என்று டிரைவர்களுக்கும் தெரியும்.

*

கேள்வி: மேடம், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நியூயார்க் டாக்ஸி டேட்டாவை எடுத்திருக்கிறேன். லட்சக்கணக்கான வரிகள். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?
– பொறியியல் மாணவி, தஞ்சாவூர்

நல்ல இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். நியூயார்க் நகரத்தின் டாக்ஸி, லிமோசின் ஆணையம் 2009 முதல் நடந்த மஞ்சள் டாக்ஸி சவாரிகளை மாதம் மாதமாகப் பிரித்து வெளியிடுகிறது. ஏறிய நேரம், இறங்கிய நேரம், தூரம், கட்டணம், பணம் கட்டிய விதம் எல்லாம் அதில் உண்டு. 2016 நடுவரை ஏறிய இடமும் இறங்கிய இடமும் அட்சரேகை, தீர்க்கரேகையாகவே இருந்தன. அதற்குப் பிறகு மண்டல எண் மட்டும்தான். 2022 மே முதல் கோப்புகள் 'பார்க்கே' வடிவத்தில் வருகின்றன. எக்செலில் நேரடியாகத் திறக்க வராது, பைத்தான் நிரல்மொழியில் திறக்கலாம்.

இந்தத் தரவை ஆணையமே உட்கார்ந்து எழுதவில்லை. வண்டியில் மீட்டர் கருவி பொருத்திய கம்பெனிகள் அனுப்புவது. ஆகவே அழுக்கு இருக்கும். இறங்கிய நேரம் ஏறிய நேரத்துக்கு முன்னால் இருக்கும். தூரம் பூஜ்யம், கட்டணம் மட்டும் முழுசாக இருக்கும். கட்டணம் கழித்தல் குறியோடு வரும். ஒரு மாதக் கோப்பில் வேறு வருடத்துத் தேதி எட்டிப் பார்க்கும். இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். ஒவ்வொரு வகையிலும் எத்தனை வரி, ஏன் நீக்கினேன் என்று ப்ராஜெக்ட் அறிக்கையில் ஒரு பக்கம் எழுதுங்கள். நான் தேர்வாளராக வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.

டிப்ஸில் ஒரு பொறி இருக்கிறது. அந்தத் தரவில் கார்டில் கொடுத்த டிப்ஸ் மட்டும்தான் பதிவாகும். ரொக்கமாகக் கையில் கொடுத்தது பதிவாகாது. இது தெரியாமல் சராசரி எடுத்தால், ரொக்கம் கொடுக்கிறவர்கள் எல்லாரும் டிப்ஸே கொடுப்பதில்லை என்று முடிவு வரும். எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கட்டம் டிரைவர் கையால் போடுவது. அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டாம்.

இனி நம் ஊர் சம்பந்தம். எல்லா மாணவர்களும் இரண்டு புள்ளிக்கு நடுவில் ஹேவர்சைன் சூத்திரத்தைப் போட்டு நேர்கோட்டுத் தூரத்தை எடுக்கிறார்கள். பயண நேரத்தைக் கணிக்க அதைக் கொடுக்கிறார்கள். கட்டம் கட்டமாகத் தெரு வெட்டிய மன்ஹாட்டனில் அது ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கும். நம் டெல்டாவில் அப்படி வராது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில் மட்டும் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். பாலம் இருக்கிற இடத்தில்தான் தாண்ட முடியும். கொள்ளிடத்தில் இது இன்னும் கடுமை. தென்கரையில் நிற்கிறவருக்கு எதிர்க்கரைத் தென்னந்தோப்பு கண்ணுக்குத் தெரியும். காரில் போக அணைக்கரைக்கோ, நீலத்தநல்லூர்ப் பாலத்துக்கோ சுற்ற வேண்டும். நேர்கோட்டுத் தூரத்தை வைத்து 'அருகிலுள்ள வண்டி' என்று தேடுகிற நிரல், அக்கரையில் நிற்கிற வண்டியை அனுப்பிவைக்கும். ஐந்து நிமிடம் என்று திரையில் காட்டும், வண்டி வருவதற்குள் ரயில் போய்விடும்.

ஆகவே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமும், அதன்மேல் ஓடும் ஓஎஸ்ஆர்எம் என்ற வழிகாட்டி நிரலும் இலவசம். கும்பகோணத்தைச் சுற்றி ஐம்பது ஊர்களை எடுத்து, ஜோடி ஜோடியாக நேர்கோட்டுத் தூரத்தையும் சாலைத் தூரத்தையும் கணக்கிட்டு, ஒன்றை மற்றதால் வகுங்கள். எந்த ஜோடியில் அந்த எண் எகிறுகிறதோ அங்கே நடுவில் ஆறு ஓடும். வைவாவில் அந்தப் படத்தை வையுங்கள். கேள்விக்குப் பதில் படத்திலேயே இருக்கும்.

*

கேள்வி: ஏஐ வைத்து நாளைக்கு எத்தனை வண்டி தேவைப்படும் என்று கணிக்கலாம் என்கிறார்கள். முயன்று பார்த்தோம், முகூர்த்த நாளில் எல்லாம் தப்பாகிறது.
– டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்கள், மன்னார்குடி

தப்பாகத்தான் செய்யும். நீங்கள் அதற்கு ஆங்கிலத் தேதியை மட்டும் கொடுத்திருப்பீர்கள். போன வருடம் இதே தேதியில் எத்தனை சவாரி என்று அது பார்க்கும். நம் பக்கத்துச் சவாரி ஆங்கிலத் தேதியைப் பார்த்தா நடக்கிறது? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண சவாரி படுத்துவிடும். தையில் எழுந்துகொள்ளும். சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் புழங்குகிற காலமும் அதுதான். திருவையாறு தியாகராஜர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமியில் வருவது. ஆங்கிலத் தேதி வருடா வருடம் நகரும்.

வாரக் கிழமைக்கும் இங்கே தனிக் கணக்கு. செவ்வாய் வைத்தீஸ்வரன்கோவில், புதன் திருவெண்காடு, வியாழன் ஆலங்குடி, சனி திருநள்ளாறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4.30 முதல் 6 வரை ராகுகாலம். திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் பார்க்க வருகிறவர்கள் அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இதற்கு நேர்மாறு, பயணம் கிளம்புகிறவர்கள். திங்கள் காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம் என்பதால் ஏழேகால் மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி கேட்பார்கள். நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. வாடிக்கையாளர் எப்போது வாசலைத் தாண்டுகிறார் என்பதுதான் உங்கள் தரவு.

ஆகவே தேதிக்குப் பக்கத்தில் ஐந்து கட்டம் சேருங்கள்: தமிழ் மாதம், முகூர்த்த நாளா, அமாவாசையா, பிரதோஷமா, பக்கத்துக் கோவிலில் விசேஷமா. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே நிரப்பிவிடலாம். பிறகு வளர்பிறை முகூர்த்த ஞாயிறை, போன வளர்பிறை முகூர்த்த ஞாயிறோடு ஒப்பிடுங்கள். இதற்கு ஏஐ கூட வேண்டாம். இந்த ஒப்பீட்டைவிட உங்கள் நிரல் நன்றாகக் கணித்தால் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி நாட்களைச் சராசரியிலிருந்து தனியே எடுத்துவிடுங்கள். 2016 பிப்ரவரியில் மகாமகத்தின்போது வண்டி ஓட்டியவர்கள் யாரிடமாவது அந்த மாத ஷீட் இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த மகாமகம் 2028இல். அந்தப் பழைய கட்டு அப்போது ஊருக்கே உதவும்.

*

கேள்வி: திருச்சி ஏர்போர்ட் டிராப்தான் எங்களுக்கு அதிகம். திரும்பும்போது காலி. இரண்டு பக்க வாடகை கேட்டால் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள்.
– வண்டி உரிமையாளர், கும்பகோணம்

கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர். காலியாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அத்தனை தூரத்துக்கு டீசலும் டிரைவரின் தூக்கமும் போகின்றன. யார் தலையிலாவது அது விழத்தான் செய்கிறது.

2018இல் 'நேச்சர்' இதழில் நியூயார்க் டாக்ஸிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. யாரையும் யாரோடும் சேர்த்து உட்காரவைக்காமல், ஒரு சவாரி முடிகிற இடத்தையும் நேரத்தையும் அடுத்த சவாரி தொடங்குகிற இடத்தோடு சரியாகக் கோர்த்தால் மட்டுமே, சுமார் 30 சதவீதம் குறைந்த வண்டிகளால் அதே சவாரிகளை நடத்தலாம் என்று காட்டினார்கள். அங்கே சவாரிகள் லட்சக்கணக்கில் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு ஸ்டாண்டு தனியாக முயன்றால் நம்மால் அது முடியாது. கோர்ப்பதற்கு இரண்டாவது சவாரி கையில் இருக்காது.

ஆனால் கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர் ஸ்டாண்டுகள் நாளை இரவு ஏர்போர்ட் போகிற வண்டி, அங்கிருந்து ஆள் ஏற்ற வேண்டிய வண்டி இரண்டையும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். சிங்கப்பூர், மலேசியா விமானங்களில் வருகிறவர்கள் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறவர்கள். டிராப் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பிக்கப் இருந்தால் கோர்த்துவிடுங்கள். அதற்கு மேலே காத்திருக்க வைத்தால் டிரைவருக்கு வெயிட்டிங் கொடுங்கள். கோர்த்த சவாரியில் மிச்சமாகும் வாடகையில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குக் குறைத்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும். தரவைப் பகிர்ந்துகொள்ள போட்டிக்காரர்கள் முதலில் தயங்குவார்கள். வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் குழுவில் வேண்டாம். ஊர், நேரம், எத்தனை பேர், எத்தனை பெட்டி, இவ்வளவு போதும்.

*

கேள்வி: அக்கா, எங்கள் வண்டியில் ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறார்கள். டீக்கடையில் அஞ்சு நிமிஷம் நின்றாலும் போன் வருகிறது. சேவையைத் திருத்த என்கிறார்கள். எங்களைத் திருத்தத்தான் என்று தோன்றுகிறது. நீங்கள் யார் பக்கம்?
– டிரைவர், மயிலாடுதுறை

தம்பி, இதில் நான் உங்கள் பக்கம். சவாரித் தரவு முதலில் டிரைவருக்குத்தான் உதவ வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குத் தெரிகிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காலியாக நின்றீர்கள், எத்தனை கிலோமீட்டர் காலியாக ஓடினீர்கள், விடியற்காலை சவாரி யாருக்கு எத்தனை முறை விழுகிறது, நல்ல அவுட்ஸ்டேஷன் சவாரி யாருக்கே திரும்பத் திரும்பப் போகிறது என்பதும் அதே தரவில்தான் இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை எல்லா டிரைவருக்கும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் பகையாகும், சேர்ந்து கேளுங்கள்.

டிரைவரின் நாளைப் பார்க்காமல் சேவையைப் புரிந்துகொள்ளவே முடியாது. நியூயார்க்கில் சாயங்காலம் 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில், ஆபீஸ் விடுகிற நேரத்தில், டாக்ஸி கிடைப்பது சட்டென்று குறைவதைத் தரவு காட்டியது. அது டிரைவர்கள் ஷிப்ட் மாறி, வண்டியைக் கராஜில் ஒப்படைக்கப் போகிற நேரம். அங்கே ஆள் சரியில்லை என்று யாரைத் திட்டியும் பயனில்லை, ஷிப்ட் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தனிமனித விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. 2013ஆம் வருடத்து நியூயார்க் சவாரிகள், 17 கோடிக்கும் மேலே, தகவல் அறியும் சட்டப்படி கேட்டு வாங்கப்பட்டு 2014இல் பொதுவில் வந்தன. வண்டி எண்ணையும் டிரைவர் உரிம எண்ணையும் குறியீடாக மாற்றித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த எண்கள் ஒரு குறிப்பிட்ட அமைப்பில்தான் வரும் என்பதால், சாத்தியமான எல்லா எண்ணையும் அதே முறையில் மாற்றிப் பார்த்து, ஒரு பொறியாளர் சில மணி நேரத்தில் குறியீடுகளை அவிழ்த்துவிட்டார். டிரைவர்களின் வருமானம் வெளியில் தெரிகிற நிலை. பிரபலங்கள் டாக்ஸி ஏறுகிற பத்திரிகைப் படங்களில் தெரிந்த வண்டி எண்ணைப் பொருத்தி, அவர்கள் எங்கே போனார்கள், என்ன கட்டினார்கள் என்பதுவரை எடுத்தார்கள். சிகாகோ தன் டாக்ஸித் தரவை வெளியிட்டபோது நேரத்தைக் கால் மணிக்கு முழுமையாக்கியது, இடத்தையும் பகுதியாக மட்டுமே காட்டியது.

பெரிய நகரத்திலேயே இப்படி. நம் ஊரில் ராத்திரி ஒரு தெருவுக்கு ஒரே ஒரு டாக்ஸிதான் போயிருக்கும். அது யார் வீட்டுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே உங்கள் முதலாளியிடம் மூன்றைக் கேளுங்கள். டூட்டி முடிந்ததும் ஜிபிஎஸ் பார்ப்பது நிற்க வேண்டும். அன்றாட வழித்தடம் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அழிக்கப்பட வேண்டும், கூட்டுத்தொகை மட்டும் இருக்கட்டும். சவாரி நடுவில் டீக்கு நிற்பதற்கு ஒரு நியாயமான நேரத்தை எழுத்திலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி ரயிலுக்கு நின்ற டிரைவர் ஒரு டீ குடித்துவிட்டு ஓட்டுவதும் பயணிக்கான சேவைதான்.

*

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். எங்கள் கிராமம் திருத்துறைப்பூண்டியிலிருந்து உள்ளே தள்ளி. இரவு எட்டு மணிக்கு மேல் டாக்ஸி வராது. ஆப்பில் போட்டால் அருகில் வண்டி இல்லை என்கிறது. நேரில் கேட்டால் "உங்க ஊர்ல டிமாண்ட் இல்ல சார்" என்கிறார்கள். என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இந்தத் தரவெல்லாம் எங்களுக்கு என்ன செய்யும்?

ஐயா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். "டிமாண்ட் இல்லை" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஷீட்டில் உங்கள் ஊரே இல்லை. வண்டி அனுப்பாததால் சவாரி இல்லை, சவாரி இல்லாததால் வண்டி அனுப்புவதில்லை.

நியூயார்க்கிலும் இதே நடந்தது. மஞ்சள் டாக்ஸிகளின் ஜிபிஎஸ் தரவைப் பார்த்தபோது, ஏறுகிற சவாரிகளில் சுமார் 95 சதவீதம் மன்ஹாட்டனில் 96ஆவது தெருவுக்குத் தெற்கேயும் இரண்டு விமான நிலையங்களிலும்தான் என்று தெரிந்தது. மற்றப் பகுதிகளில் ஜனங்கள் இல்லையா, அவர்களுக்குப் பயணம் இல்லையா? அந்த எண்ணை, அங்கே தேவை இல்லை என்று அவர்கள் படிக்கவில்லை. வண்டி அங்கே போவதில்லை என்று படித்தார்கள். 2013 ஆகஸ்டில் பச்சை நிற டாக்ஸிகள் வந்தன. நெரிசலான மன்ஹாட்டன் பகுதியில் தெருவிலும், அந்த இரண்டு விமான நிலையங்களின் ஸ்டாண்டிலும் ஆள் ஏற்றக் கூடாது, மற்ற இடங்களில் ஏற்றலாம் என்ற நிபந்தனையோடு.

உங்கள் ஊருக்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவசரமானால் 108க்குத்தான் முதலில் கூப்பிட வேண்டும், டாக்ஸியைத் தேடி நேரத்தை விடாதீர்கள். ஆனால் டயாலிசிஸ் அவசரம் இல்லை, அது நாளும் நேரமும் தெரிந்த பயணம். டாக்ஸிக்காரருக்கு இதைவிட நல்ல சவாரி கிடையாது. உங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஐந்தாறு ஊரிலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு இடத்துக்கோ ஒழுங்காகப் போய்வருகிறவர்களை நீங்களே எழுதுங்கள். கிழமை, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், எந்த ஊர், கூட எத்தனை பேர். நோயின் பெயர் வேண்டாம், அது அவரவர் விஷயம். ராத்திரி கூப்பிட்டு வண்டி கிடைக்காத நாட்களையும் தேதியோடு கேட்டு எழுதுங்கள். இத்தனை வருடம் வகுப்பில் வருகைப் பதிவேடு எடுத்தவர் நீங்கள், உங்களைவிட இதை யாரும் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள்.

ஒரு மாதம் எழுதிய பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டியில் இரண்டு ஸ்டாண்டுகளுக்குப் போங்கள். திங்கள், புதன், வெள்ளி காலை இந்த நேரத்துக்கு இத்தனை பேர், மாத வாடகை என்ன சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ராத்திரி ஒரு வண்டியை உங்கள் பக்கத்து டிரைவர் யாராவது வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளச் சம்மதிப்பாரா என்று அதே பேச்சில் சேர்த்துக் கேளுங்கள். மாதச் சவாரி கையில் இருந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தாளை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நேரத்தை எப்படிக் கோர்த்தால் ஒரே வண்டி இரண்டு நடை போக முடியும் என்று கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.